சும்மா ஒரு சவாரி

ஞாயிற்றுக்கிழமை சுபுஹுத் தொழுகை முடிந்ததும் கடை வேனில் நாம் சைக்கிளை ஏற்றுகையில், பக்கத்துக் கடைப் பெரியவர் கேட்பது வழக்கம்: "என்ன தம்பி, வசூலுக்கா?" வசூலுக்குமன்று, கொள்முதலுக்குமன்று, சும்மாதான் போகிறோம் என்று சொல்ல நமக்கு நா எழுவதில்லை. "ஒரு வேலையாக" என்று சொல்லி நழுவிவிடுவோம். லாபம் தராத இரண்டு மணி நேரத்தை ஒப்புக்கொள்ள வணிகனுக்கு ஏன் இத்தனை வெட்கம்?

நம்மவர்க்குச் சைக்கிள் ஒரு தொழிற்கருவியாகவே அறிமுகமாயிற்று. பினாங்குத் தெருக்களில் ரொட்டியைச் சைக்கிளில் ஏற்றி விற்றே பிள்ளைகளைக் கரையேற்றினார்கள் அக்காலத்தார். அவ்வண்டியில் ஒருவன் வெறுங்கையோடு போகிறான் என்றால் பெரியவருக்கு அது விளங்காமற் போவதில் வியப்பில்லை.

நாம் போவது ஆயர் ஈத்தாம் மலைக்கு அப்பால், தீவின் மறுபுறமாகிய பாலிக் புலாவுக்கு. அங்கே வேனை நிறுத்திவிட்டுச் சுங்கை பூரோங் வயல்களுக்கிடையே சைக்கிளில் செல்வோம். கிழக்கே மலை நிற்பதால் கதிரவன் அங்கு தாமதித்தே முகங்காட்டுவான். பட்டணத்தில் வெயில் ஏறிய பின்னும் வயல்களில் குளிர்ச்சி இருக்கும். கொக்குகள் நம்மைப் பொருட்படுத்துவதில்லை. சில நாள் கடற்காற்று எதிர்த்து வீசி, மிதித்தாலும் வண்டி நகராது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலோ மழை எந்த முன்னறிவிப்புமின்றிப் பிடித்துக்கொள்ளும். ஒரு சூராவின் தாழ்வாரத்தில் நனைந்த சட்டையோடு ஒதுங்கி நிற்போம். கடையில் இருக்கும்போது மழை என்றால் வியாபாரம் மந்தம். அங்கே மழை வெறும் மழைதான். அதனிடம் பேரம் பேச முடியாது என்பது, நாள் முழுதும் பேரம் பேசிய நமக்கு ஒரு நிம்மதி!

இது வீண்விரயம் அன்றோ என்று கேட்பவர்கள், மனிதன் நட்டத்தில் இருக்கிறான் என்னும் 'அஸ்ர்' அத்தியாயத்தை எடுத்துக் காட்டுவார்கள். சரியே. ஆனால் அந்நட்டத்தினின்று தப்புவோருக்குத் திருமறை கூறும் அடையாளங்கள் ஈமான், நற்செயல், சத்தியத்தையும் பொறுமையையும் ஒருவருக்கொருவர் உபதேசித்தல் என்பவையே. கல்லாப்பெட்டி நிறைவது அக்கணக்கில் இல்லை.

'அந்நஹ்ல்' அத்தியாயத்தின் தொடக்கத்தையும் கவனியுங்கள். கால்நடைகள் தரும் கதகதப்பையும் உணவையும் முதலில் சொல்லி, அவை தூரத்து ஊர்களுக்குச் சுமை தூக்கிச் செல்வதைப் பிறகு சொல்கிறது. அவ்விரண்டுக்கும் நடுவே, காலையில் அவற்றை ஓட்டிச் செல்வதிலும் மாலையில் திருப்பி ஓட்டி வருவதிலும் ஓர் அழகு உண்டென்கிறது. சுமைக்கு முன்னே அழகு! ஒட்டகத்தில் சரக்கேற்றி வணிகம் செய்த மக்காவாசிகளுக்கு அருளப்பட்டது இது என்பதை நாம் மறக்கலாகாது. நாயகம் (ஸல்) அவர்களும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். ஒருமுறை அன்னையார் வென்றார், பின்னொருமுறை நாயகம் வென்றார்கள். அதில் கொள்முதல் என்ன, விற்பனை என்ன?

இவ்வளவு நியாயம் பேசத் தெரிந்த நமக்கு ஒரு விஷயம் மட்டும் நெடுநாள் தோன்றவில்லை. நாம் வயல்வெளியில் காற்று வாங்கிய அத்தனை ஞாயிறுகளிலும் கடையைத் திறந்தவன் நம் சிப்பந்தி. வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு அவனுக்குரியது என 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டமே சொல்கிறது. வார வேலை நேரமும் 2023 ஜனவரி முதல் 45 மணியாகக் குறைக்கப்பட்டுவிட்டது. நம் கடையிலோ ஓய்வு நாள் ஏட்டில் இருந்தது. "கொஞ்சம் பார்த்துக்கொள் தம்பி" என்ற ஒரு சொல்லில் அது கரைந்து போயிற்று. பெரியவரிடம் வெட்கப்பட்டோம், வெட்கப்பட வேண்டிய இடம் வேறாக இருந்தது.

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, சைக்கிள் சாவியை அவன் கையில் கொடுத்து, "இன்று நான் கடை பார்க்கிறேன், நீ எங்காவது போய் வா" என்றோம். அவன் எங்கும் போகவில்லை. அறைக்குப் போய் லுஹர் பாங்கு வரை உறங்கினான். பாலிக் புலாவ் வயலைப் பார்த்துவந்து நம்மிடம் வியந்து பேசுவான் என எதிர்பார்த்திருந்தோம், சற்று ஏமாற்றந்தான். அவனுடைய ஓய்வுக்கும் நாமே திட்டம் போட்டிருந்தோம் போலும். சைக்கிள் அன்று சுவரிலேயே சாய்ந்து கிடந்தது. ஒன்பது மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. வாடிக்கையாளர் எவரும் வரவில்லை. நாம் கல்லாவில் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.