அளவுகோல் இல்லாத அநீதியா?

ஒரு செயல் அநீதியானது என்பது அறிவுக்குப் புலனாகின்றது. ஆயின் அது எவ்வளவு அநீதி என அளந்து காட்டக் கோல் இல்லை. அந்நிலையில் நீதிமன்றம் ஒதுங்கி நிற்பது அறமாகுமா? அமெரிக்க நாட்டின் தேர்தல் தொகுதி வழக்குகள் எழுப்பும் வினா இதுவே.

அங்குப் பெரும்பாலான மாநிலங்களில் தொகுதி எல்லைகளை வரைபவர்கள் சட்டமன்றத்தினரே. எதிர்க்கட்சியின் ஆதரவாளரைச் சில தொகுதிகளில் அடைத்து வைத்து, எஞ்சியோரைப் பல தொகுதிகளில் சிதறடித்துவிட்டால் வெற்றி எளிதாகும். மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி 1812-இல் ஒப்பமிட்ட எல்லைகளுள் ஒன்று சாலமாண்டர் என்னும் பல்லி போன்ற உயிரினத்தின் வடிவில் இருந்தமையால், இச்செயலுக்குக் 'கெர்ரிமாண்டர்' என்று பெயர் வந்தது. அவர் பின்னர் துணைக் குடியரசுத் தலைவரும் ஆனார். உலகம் நினைவில் கொண்டதோ அவ்வுயிரினத்தைத்தான்!

வட கரோலினா மாநிலத்தில் 2016-இல் எல்லைகள் வரையப்பட்டபோது, குடியரசுக் கட்சிக்கு 10 இடமும் ஜனநாயகக் கட்சிக்கு 3 இடமும் கிட்டுமாறு வரைவதாக வரைவுக் குழுத் தலைவர்களுள் ஒருவரே வெளிப்படையாக உரைத்தார். 11-க்கு 2 என வரைய இயலாமையே அதற்குக் காரணம் என்றும் விளக்கினார். அவ்வாண்டுத் தேர்தலில் 53 விழுக்காடு வாக்குகள் பெற்ற குடியரசுக் கட்சி 13-இல் 10 இடங்களை வென்றது. கிரீன்ஸ்பரோ நகரில், கறுப்பின மாணவர் மிகுதியாகப் பயிலும் பல்கலைக்கழகம் ஒன்றின் வளாகத்தையே எல்லைக்கோடு இரு கூறாக்கியது. எவரும் வாக்களிக்காமல் தடுக்கப்படவில்லை. தொகுதிகளின் மக்கள்தொகையும் சமமே. குற்றம் நோக்கத்தில் இருந்தது. மேரிலாந்தில் இதனையே ஜனநாயகக் கட்சியினர் செய்தனர் ஆதலின், இதனை ஒரு கட்சியின் பிழையாகக் கொள்ளுதல் கூடாது.

இவ்விரு மாநில வழக்குகளிலும் உச்ச நீதிமன்றம் 2019 ஜூன் 27 அன்று தீர்ப்பளித்தது. ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம். மிகையான கட்சிச் சார்பு அநீதியாகத் தோன்றும் விளைவுகளைத் தரும் என்பதைத் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் மறுக்கவில்லை. எந்த அளவு மிகை என முடிவு செய்யக் கூட்டாட்சி நீதிமன்றங்களிடம் விதி இல்லை, ஆகவே இது அவை தீர்க்கத்தக்க வழக்கன்று என்றார்.

இவ்வாதம் எமக்கு ஏற்புடையதன்று. பாலில் எத்தனை துளி நீர் சேர்ந்தால் குற்றம் என வரையறுத்தல் கடினமே. அதற்காக, நீரில் சிறிது பால் கலந்து விற்பவனை எவரும் விட்டுவிடுவதில்லை. மேலும், கோல் அறவே இல்லை என்பதும் சரியன்று. கட்சி ஆதாயம் ஒன்றை மட்டும் நீக்கி, மற்றெல்லா விதிகளையும் பின்பற்றிக் கணிப்பொறி வழி 3,000 வரைபடங்களை வல்லுநர் ஒருவர் ஆக்கிக் காட்டினார். அவற்றுள் ஒவ்வொன்றிலும் ஜனநாயகக் கட்சிக்குக் குறைந்தது ஓரிடமேனும் கூடுதலாகக் கிட்டியிருக்கும். மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி எலினா கேகன் இதனைச் சுட்டினார். 1946-இலும் இந்நீதிமன்றம் தொகுதி வழக்கொன்றில் தலையிட மறுத்தது. 1962-இல், 1901-க்குப் பின் எல்லைகளைத் திருத்தாதிருந்த டென்னசி மாநில வழக்கில் அது தன் நிலையை மாற்றிக் கொண்டது.

எனினும் ராபர்ட்ஸின் அச்சத்தை முற்றிலும் புறந்தள்ளுவதற்கில்லை. 2022-இல் வட கரோலினாவின் சொந்த உச்ச நீதிமன்றம் இத்தகைய எல்லைகள் மாநில அரசியலமைப்புக்கு முரண் என்றது. அவ்வாண்டு நீதிமன்ற வரைபடத்தின்படி நடந்த தேர்தலில் இரு கட்சிகளும் ஏழேழு இடங்கள் பெற்றன. அங்கு நீதிபதிகளும் தேர்தலில் நிற்பவர்களே. 2023 ஏப்ரலில், பெரும்பான்மை மாறிய அதே மன்றம் தன் தீர்ப்பைத் தானே திரும்பப் பெற்றது. அரசியலமைப்பில் ஒரு சொல்லும் மாறவில்லை. 2024-இல் குடியரசுக் கட்சி 10, ஜனநாயகக் கட்சி 4.

நடுவர் விலகிய களத்தில் 2025-இல் நிகழ்ந்தது இது: ஆகஸ்டில் டெக்சாஸ் சட்டமன்றம், புதிய மக்கள்தொகைக் கணக்கிற்குக் காத்திராமல், குடியரசுக் கட்சிக்கு மேலும் 5 இடங்கள் கிட்டும் நோக்குடன் எல்லைகளை மாற்றியது. அதற்கு எதிராகக் கலிபோர்னிய வாக்காளர், தாமே முன்னர் வாக்களித்து அமைத்த நடுநிலைக் குழு வரைந்த எல்லைகளை விலக்கி, ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமான எல்லைகளை நவம்பரில் ஏற்றனர்.