ஒற்றைப் பாட்டின் விலை

2003இல் ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை, ஒரு பாட்டை 99 சென்டுக்குத் தனியாக விற்கத் தொடங்கியது. அரை நிமிட மாதிரியைக் கேட்டுவிட்டு, பிடித்ததை மட்டும் வாங்க முடிந்தது.

கேசட் காலத்தில் அப்படியில்லை. 1980இல் பாடகர் யேசுதாஸ் தொடங்கிய தரங்கிணி இசை நிறுவனத்தின் ஐயப்பன் கேசட்டை ஒரே பாட்டுக்காக வாங்கியவரும் முழு விலை கொடுத்தார். கேட்காத பாட்டுகளும் காதில் விழுந்தன. சில நாளடைவில் நெஞ்சில் தங்கின.

பக்திப் பாட்டைத் தனித்தனியாகப் பிரித்து விலை வைக்கலாமா?

பாலக்காட்டு அக்ரகாரங்களில் வேரூன்றிய சம்பிரதாய பஜனைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. தோடய மங்களம், குரு தியானம், ஜயதேவரின் அஷ்டபதி, நாராயண தீர்த்தரின் தரங்கம் என்று அது வளரும். அங்கே பாடுபவரின் விருப்பம் முறைக்குக் கட்டுப்பட்டது. பாகவதம் சொல்லும் ஒன்பது வகை பக்தியில் முதலாவது சிரவணம், அதாவது கேட்டல். கேட்பதற்குப் பொறுமை வேண்டும். முன்னரே பிடித்ததை மட்டும் தேடும் காதுக்கு அது வாய்ப்பதில்லை.

ஒற்றை விலையால் நன்மையும் உண்டு. முழுத் தொகுப்பு வாங்க வசதியில்லாதவருக்கும் அவர் உருகும் பாட்டு கிடைத்தது. அந்த நியாயத்தை மறுக்கக் கூடாது. பாட்டுக் கேட்க மாதச் சந்தா வந்து தனி விலை பின்னுக்குப் போன பிறகும், பிடிக்காத பாட்டைப் பாதியில் தள்ளிவிடும் பழக்கம் தொடர்கிறது. பக்தர் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான்.