வாசலைத் தாண்டிய குப்பை யாருடையது?



காலையில் தெருவில் விசில் சத்தம் கேட்கிறது. உள்ளே இருந்து ஒரு கவர் வெளியே வருகிறது. இரவு மிஞ்சிய சோறு, வெங்காயத் தோல், முட்டை ஓடு, பிள்ளையின் டயப்பர், உடைந்த டம்ளர், பழைய பிளேடு என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு இறுக்கி முடிந்த கவர். வண்டியில் அதைப் போட்டதும் நம் கணக்கு முடிந்தது என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம். உண்மையிலேயே முடிந்ததா?

நம்முடைய ஃபிக்ஹ் நூல்களில் இதற்கு நெருக்கமான ஒரு மஸ்அலா இருக்கிறது. ஹிஜ்ரி 676-ல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், 'மின்ஹாஜுத் தாலிபீன்' நூலில் இழப்பீடு பற்றிப் பேசும் இடத்தில், பொதுப்பாதையில் கூளத்தையும் தர்பூசணித் தோலையும் போட்டவரைப் பற்றிச் சொல்கிறார்கள். அதனால் ஒருவருக்குச் சேதம் ஏற்பட்டால் போட்டவரே பொறுப்பு என்பதுதான் சரியான கருத்து என்கிறார்கள். கொஞ்சம் நின்று யோசியுங்கள். தோலை வீசியவர் அது தனக்கு வேண்டாம் என்றுதான் வீசினார். இனி அதை ஆடு தின்னலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம், அவர் வந்து உரிமை கேட்கப் போவதில்லை. ஆனாலும் வழியில் போகிறவர் அதில் வழுக்கி விழுந்தால் ஷரீஅத் அவரைத் தேடி வருகிறது. பொருள் மீதான உரிமையை விட்டுவிடலாம், அதனால் வரும் தீங்குக்கான பொறுப்பை அப்படி விட்டுவிட முடியாது.

தர்பூசணித் தோலுக்கே இப்படி என்றால் கவருக்குள் மறைந்திருக்கும் பிளேடுக்கு என்ன சொல்வது? தோல் கண்ணுக்காவது தெரியும்!

நம் தர்மபுரி நகராட்சியிலும் பேரூராட்சிகளிலும் தூய்மைப் பணியாளர்கள் இருக்கிறார்கள். கிராம ஊராட்சிகளில் தூய்மைக் காவலர்கள் இருக்கிறார்கள். நாம் பிரிக்காமல் போடுவதை யாரோ ஒருவர் பிரித்தே ஆக வேண்டும், இல்லையென்றால் அது உரமாகவும் ஆகாது, காயலான் கடைக்கும் போகாது. எந்திரம் பிரிக்கும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் ஒரு மனிதரின் கைதான் பிரிக்கிறது. நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலைப் பெருக்கி வந்த ஒரு பெண்மணி இறந்துபோனார். சின்ன விஷயம் என்று எண்ணி மக்கள் நபியவர்களிடம் சொல்லவில்லை. அவரைக் காணவில்லையே என்று நபியவர்களே விசாரித்தார்கள், ஏன் எனக்கு அறிவிக்கவில்லை என்று கேட்டார்கள், அடக்கத்தலத்தைக் காட்டச் சொல்லி அங்கே போய்த் தொழுதார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது. நம் தெருவுக்கு வருகிறவர் நான்கு நாள் வராவிட்டால் குப்பை தேங்கியது நமக்குத் தெரிகிறது. அவருக்கு என்ன ஆயிற்று என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

2016-ல் மத்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், பிரிக்கும் கடமையை வீட்டுக்காரர் தலையில்தான் வைத்தன. மக்கும் குப்பை தனி, மக்காத குப்பை தனி, தீங்கு தரக்கூடியவை தனி என்று அவை அன்று வகுத்தன. டயப்பரையும் நாப்கினையும் நன்றாகச் சுற்றித் தர வேண்டும். தெருவிலோ ஓடையிலோ கொட்டவோ எரிக்கவோ கூடாது. சட்டம் சொல்வதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்தச் சட்டம் கேட்பதும் மேலே சொன்ன மஸ்அலா கேட்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

நம் பாட்டிமார்களுக்கு இந்தப் பாடம் தேவைப்படவில்லை. வீட்டுக்குப் பின்னால் எருக்குழி இருந்தது. சாணமும் சாம்பலும் காய்கறிக் கழிவும் அதில் விழுந்து கேழ்வரகுக் கொல்லைக்கு எருவாகப் போயின. அந்தக் குழியைக் கெடுத்தது பிளாஸ்டிக் கவர். இன்று அதே பழக்கத்தில் கூட்டிப் பெருக்கிக் குவித்துத் தீ வைக்கிறோம். அன்று எரிந்தது சருகு, இன்று எரிவது பிளாஸ்டிக். அந்த நச்சுப் புகை பக்கத்து வீட்டுத் தொட்டில் பிள்ளையின் மூச்சில் போகிறது. அண்டை வீட்டாரின் உரிமை பற்றி இத்தனை ஜும்ஆக்களில் கேட்ட பிறகும்!

நிழலிலும் மக்கள் நடக்கும் பாதையிலும் மலஜலம் கழிப்பது சாபத்தைக் கொண்டுவரும் செயல் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. பிறர் ஒதுங்கும் இடத்தைக் கெடுப்பதுதான் அங்கே குற்றம். சாலையோரப் புளியமரத்து நிழலில் கோழிக் கழிவு மூட்டையை இரவோடு இரவாக வீசிவிட்டுப் போகிறவர் அந்த ஹதீஸிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்? ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஷாம்பு பாக்கெட்டை ஆற்றோடு விடுகிறவரும் அப்படித்தான். ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரால் பல்லும் எலும்பும் கெட்ட மாவட்டம் நம்முடையது. 2013 முதல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் நமக்கு வருவது அந்தக் காவிரித் தண்ணீர்தான். நம்மைத் தாண்டிப் போவது மேட்டூர் அணைக்குப் போகிறது. அங்கேயும் குடிப்பவர்கள் மனிதர்களே.

இனி, நமக்கே உரிய ஒரு குப்பை: குர்பானித் தோல்.

அன்னை மைமூனா (ரலி) அவர்களின் உரிமை விடப்பட்ட பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு ஒன்று செத்துக் கிடந்தது. நபி (ஸல்) அவர்கள் பார்த்துவிட்டு, அதன் தோலைப் பயன்படுத்திக்கொண்டிருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். செத்த ஆடாயிற்றே என்று சொன்னபோது, உண்பதுதான் தடுக்கப்பட்டது என்று விளக்கினார்கள் (புகாரி, முஸ்லிம்). செத்த ஆட்டின் தோலே வீணாகக் கூடாது என்றால், அல்லாஹ்வின் பெயர் சொல்லி அறுத்த ஆட்டின் தோலை என்ன செய்கிறோம்? ஒரு காலத்தில் மதரஸாக்களின் வருமானத்தில் அது நல்ல பங்காக இருந்தது. தோல் பதனிடும் வாணியம்பாடியும் ஆம்பூரும் நமக்குப் பக்கம்தான். விலை சரிந்த பிறகு கேட்பாரில்லை, பெருநாள் மாலையில் தோல்கள் குழியிலும் ஓடையிலும் கிடக்கின்றன. விலை இல்லை என்பது உண்மை. ஆனால் உரித்த சில மணி நேரத்துக்குள் நன்றாக உப்புத் தடவாத தோலை யாராலும் வாங்க முடியாது என்பதும் உண்மை. ஜமாஅத் முன்கூட்டியே வியாபாரியிடம் பேசி, உப்பு மூட்டையும் நான்கு இளைஞர்களையும் தயாராக வைத்தால் வீணாவதில் பெரும்பகுதி குறையும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றை மறைக்கக் கூடாது. பதனிடும் தொழில் பாலாற்றை என்ன செய்தது என்பது எல்லோருக்கும் தெரியும். 1996-ல் உச்ச நீதிமன்றமே அதைக் கடுமையாகக் கண்டித்துத் தீர்ப்பு எழுதியது. மறுசுழற்சிக்குக் கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக உட்கார முடியாது, அதற்கும் எங்கோ யாரோ விலை கொடுக்கிறார்கள். அதனால்தான் குறைவாக வாங்குவதும் பழுது பார்த்துப் பயன்படுத்துவதும் முதலில் வருகின்றன. நபி (ஸல்) அவர்கள் தமது செருப்பைத் தாமே தைத்தார்கள், ஆடையைத் தாமே ஒட்டுப்போட்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள்.

நம் நிக்காஹ் மண்டபங்களை எண்ணிப் பாருங்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை செய்த 14 வகைப் பொருட்களில் தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், மேசை விரிப்பு எல்லாம் உண்டு. துணி மாதிரி இருக்கும் நான்-ஓவன் பையும் அதில் உண்டு, தாம்பூலப் பை என்று நாம் பெருமையாகக் கொடுப்பது பெரும்பாலும் அதுதான். எவர்சில்வர் டம்ளரைக் கழுவ ஆள் கிடைப்பதில்லை என்பார்கள். பிரியாணி தம் போட ஆள் கிடைக்கிறதே!

கடைசியாக எல்லோரும் சொல்லும் ஒரு பதில் உண்டு. "ஹஜ்ரத், நாங்கள் பிரித்துத்தான் கொடுக்கிறோம், வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிடுகிறார்களே?" சில தெருக்களில் இது நடக்கிறது, நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. வார்டு கவுன்சிலரிடம் சொல்லுங்கள், நகராட்சிக்கு எழுதிக் கொடுங்கள், ஜமாஅத் பெயரில் போய்க் கேளுங்கள். ஆனால் வண்டி வருவதற்கு முன் நம் கவரைத் தொடுகிற கை ஒன்று இருக்கிறது. அந்தக் கைக்கு நாம் கடமைப்பட்டது, வண்டியில் பின்னால் என்ன நடந்தாலும் மாறாது. உடைந்த கண்ணாடியைப் பழைய செய்தித்தாளில் இரண்டு மடிப்புச் சுற்றி, தனியாக எடுத்து, கொடுக்கும்போது "கண்ணாடி இருக்குதுங்க, பார்த்து" என்று வாயால் சொல்லிக் கொடுக்க அரை நிமிடம் போதும்.