ஆதரவற்றவள் என்ற நிபந்தனை

கணவனை இழந்த ஏழைப் பெண்ணுக்குத் தமிழ்நாடு அரசு தரும் மாதத் தொகைக்கு ‘ஆதரவற்ற விதவை ஓய்வூதியம்’ என்று பெயர். 1975இல் தொடங்கியது. கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கான ஓய்வூதியம் 1986இல் வந்தது. 2023 ஆகஸ்ட் முதல் இரண்டுக்கும் 1,200 ரூபாய். இந்தப் பெயரில் ‘விதவை’ என்ற சொல்லைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். ‘ஆதரவற்ற’ என்ற சொல்லைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. கணவனை இழப்பது ஒருமுறை நடந்து முடிந்துவிடுகிறது. ஆதரவற்றவளாக இருப்பதோ மாதாமாதம் தொடர வேண்டிய ஒன்று. வருமானம் இல்லை, தாங்குவார் இல்லை என்பதுதான் அந்தச் சொல்லுக்குள் இருக்கும் நிபந்தனை. அப்படியானால், பிள்ளைகளோடு தனித்து வாழும் ஒருத்தி வேலைக்குப் போகத் தொடங்கினால் என்ன ஆகும்?

மணலியில் இந்தக் கேள்விக்குப் பெண்கள் தினமும் விடை எழுதுகிறார்கள். சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, சுற்றிலும் பட்டறைகள், கன்டெய்னர் யார்டுகள் என்று இங்கே வேலைக்குக் குறைவில்லை. ஆனால் பெண்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கேன்டீன், துப்புரவு, பேக்கிங் போன்ற ஒப்பந்த வேலை. எங்கள் தெருவில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் ஒரு பெண் நான்கு வீடுகளில் வேலை செய்து 7,000 ரூபாய் வாங்குகிறார். அந்தக் கூலி கையில் வருவது, எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. ஒப்பந்ததாரர் ஒருவர் 12,000 ரூபாய்க்கு வேலை தருவதாகச் சொன்னபோது அவர் போகவில்லை. “பேங்க்ல சம்பளம் ஏறிச்சின்னா பென்ஷன நிறுத்திருவாங்கக்கா. ஆறு மாசத்துல கான்ட்ராக்டர் வேணாம்னு சொல்ட்டா, நான் திரும்ப மொதல்லேர்ந்து தாலுகா ஆபீசுக்கு அலையணும்” என்றார்.

12,000 எங்கே, 1,200 எங்கே என்று தோன்றலாம். அவருடைய கணக்கைப் போட்டுப் பாருங்கள். 12,000இல் பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 90 போனால் கையில் 10,470. இப்போது கூலியும் ஓய்வூதியமுமாக 8,200. மிச்சம் 2,270 ரூபாய். ஷிப்டு வேலை என்றால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள யாருக்காவது அதிலிருந்து கொடுக்க வேண்டும். மீதியை, எப்போது வேண்டுமானாலும் போகக்கூடிய வேலையின் பேரில், நிச்சயமான 1,200ஐ விட்டுப் பெற வேண்டும். அவர் கணக்குத் தெரியாதவர் அல்ல.

ஆனால் அவர் விட்டுக்கொடுத்தது சம்பளத்தை மட்டுமில்லை. உடம்பு முடியாதபோது இ.எஸ்.ஐ. மருத்துவம், முதுமைக்கு பி.எஃப். சேமிப்பு எல்லாம் சேர்ந்து போயின. கண்ணுக்குத் தெரியாத கூலிக்கு வாழும் வரை உதவி உண்டு, கணக்கில் வரும் வேலைக்குப் போனால் உதவி போய்விடும் என்றால், அந்த விதி பெண்ணை முறைசாரா வேலையிலேயே நிறுத்தி வைக்கிறது. உண்மையைச் சொல்பவள் இழக்கிறாள், மறைப்பவள் பிழைக்கிறாள். பிறகு நாமே ‘பொய் சொல்லிப் பணம் வாங்குகிறார்கள்’ என்கிறோம்.

தமிழ் படித்தவர்களுக்கு இது பழைய கதை. கணவனை இழந்தவளின் நோன்பைப் புறத்திணை ‘தாபத நிலை’ என்று துறையாகவே வகுத்தது. இளமையில் தழையாடையாக உடுத்திய ஆம்பல், கணவன் இறந்தபின் உணவாகிப்போனதைப் புறநானூறு 248இல் ஒக்கூர் மாசாத்தனார் பாடினார். அன்று இழப்பை உண்ணும் சோற்றில் காட்ட வேண்டியிருந்தது. இன்று இல்லாமையை விசாரணைக்கு வரும் அலுவலரிடம் காட்ட வேண்டியிருக்கிறது. கைவிடப்பட்டவரின் நிலை இன்னும் கடினம். நீதிமன்றத்தில் பிரிவுச் சான்று பெறாதவர் என்றால் ஐந்தாண்டு கைவிடப்பட்டிருக்க வேண்டும், வயதும் முப்பது ஆகியிருக்க வேண்டும் என்கிறது விதி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஐந்தாம் வகுப்பை முடித்துவிடும்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அரசிடம் இருக்கும் பணம் அளவானது, சம்பாதிப்பவருக்குக் கொடுத்தால் ஒன்றுமே இல்லாதவருக்குக் குறையும். உண்மைதான். ஆனால் இதே அரசு 2023 செப்டம்பர் 15 முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை தருகிறது. அதற்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு இரண்டரை லட்சம். மாதம் 20,000 ரூபாய் வரும் வீட்டின் குடும்பத் தலைவி, வேலைக்குப் போனாலும் அதைப் பெறலாம். அவளுக்கு அது உரிமை. அடுத்த வீட்டில் தனியாக நிற்பவளுக்கு வருவது ஓய்வூதியம், அதைப் பெற அவள் ஒன்றுமில்லாதவளாக இருக்க வேண்டும். ஓய்வூதியம் நின்றபின் அவளும் உரிமைத் தொகைக்கு விண்ணப்பிக்கலாம். கைம்பெண்ணையும் குடும்பத் தலைவியாகவே அத்திட்டம் கருதுகிறது. ஆனால் ஒன்றை விட்டு இன்னொன்று வரும்வரை இடைவெளியை யார் தாங்குவது? தொகையில் வித்தியாசம் 200 ரூபாய்தான். இருவரையும் பார்க்கும் பார்வையில்தான் பெரிய வித்தியாசம்.

நீதிமன்றம் இந்த இடத்தை எப்போதோ கடந்துவிட்டது. ஜீவனாம்சச் சட்டம் ‘தன்னைப் பராமரித்துக்கொள்ள இயலாத மனைவி’ என்கிறது. அதற்கு முழு வறுமையில் கிடக்க வேண்டும் என்று பொருளில்லை, பிழைப்புக்காக ஏதோ சம்பாதிக்கிறாள் என்பதாலேயே உரிமை போய்விடாது என்று சதுர்புஜ் எதிர் சீதா பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007இல் சொன்னது. கணவனுக்கு ஒரு நியாயம், அரசுக்கு வேறு நியாயம் இருக்க முடியாது. பிரிட்டனில் பிள்ளை வளர்ப்பவர் வேலைக்குப் போனால், சம்பளத்தில் ஒரு பகுதியைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. அதற்கு மேல் வரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் வீதம் உதவியைக் குறைக்கிறார்கள். அங்கும் அதைக் கடுமை என்கிறார்கள். ஆனால் அது படிக்கட்டு. நம்முடையது பள்ளம்.

இங்கும் படிக்கட்டு கட்ட முடியும். வேலையில் சேர்ந்த முதல் இரண்டு ஆண்டு ஓய்வூதியத்தைத் தொடாமல் விடலாம். வேலை போனால் புதிய விண்ணப்பம் கேட்காமல் பழைய எண்ணிலேயே திரும்பத் தரலாம். உரிமைத் தொகைக்கு உள்ள வருமான வரம்பையே இதற்கும் வைக்கலாம். பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்தும் அரசுப் பள்ளியின் காலை உணவும் அவளுடைய சம்பளத்தைக் கேட்பதில்லை. அவற்றால் யாரும் சோம்பேறியாகவில்லை. அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் வேலைக்கே போகிறார்கள்.

உதவி என்பது ஒருத்தி எழுந்து நிற்பதற்கு. எழுந்தவுடன் பிடுங்கப்படும் என்று தெரிந்தால் அவள் உட்கார்ந்தபடியே இருப்பதுதான் அறிவு. அந்த அறிவைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. கேட்க வேண்டியது, ஒரு பெண் ஆதரவு பெற ஏன் ஆதரவற்றவளாகவே இருந்தாக வேண்டும் என்பதைத்தான்.