தொட்டுப் பார்க்காத கை

எங்க பெரியம்மாவுக்கு ரெண்டு காலும் வீங்கிப்போயிருந்தது. "படுத்தா மூச்ச அடைக்குதுடா, ஒக்காந்தாதான் உசுரு நிக்குது" என்றார். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். ரத்தமில்லை, அலறலில்லை. எட்ட நின்றே ஒரு குரல் சொன்னது: "ஒக்காந்துதான கீது, இருங்க பாக்கலாம்." எது நோயின் அடையாளமோ அதுவே நலத்தின் அடையாளமாக வாசிக்கப்பட்டது. விடியும்வரை பெஞ்சுதான்.

இதயச் செயலிழப்பு என்பது மாரடைப்பு அல்ல. இதயம் ரத்தத்தைத் தள்ளும் வலுவை இழக்கிறது. நுரையீரலிலும் காலிலும் நீர் கோர்க்கிறது. முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். இதற்கு இயந்திரம் வேண்டாம், ஒரு கை போதும். பிறகு ஆக்ஸிஜன், நீரை இறக்கும் லேசிக்ஸ் ஊசி. தாமதித்தால் நோயாளி தன் உடம்பின் நீரிலேயே மூழ்குகிறார்.

காத்திருக்க வைப்பதே அநீதியா? இல்லை. பாம்பு கடித்தவரும் லாரியில் அடிபட்டவரும் வந்தால் அவர்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முன்னால் வந்தவருக்கு முன்னுரிமை என்பது ரேஷன் கடை நியாயம். உயிருக்கு அது பொருந்தாது. ஆனால் யாருக்கு அவசரம் என்று முடிவுசெய்ய எல்லோரையும் பார்த்தாக வேண்டுமே! பார்த்தபின் காத்திருக்க வைப்பது முறை. பாராமலே காத்திருக்க வைப்பது, இந்த உயிர் காத்திருக்கலாம் என்று முன்கூட்டியே எழுதிய தீர்ப்பு.

'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் அம்பேத்கர் 1929இல் வெளியான ஒரு கடிதத்தை எடுத்துக்காட்டுகிறார். கத்தியவாரில் தலித் ஆசிரியர் ஒருவரின் மனைவி பிரசவத்துக்குப் பின் நோயில் விழுகிறார். டாக்டர் சேரிக்குள் வர மறுக்கிறார். வெளியே கொண்டுவந்தும் தொடவில்லை. தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்க, அவர் கணவனிடம் கொடுக்க, கணவன் மனைவிக்கு வைக்கிறான். அந்தப் பெண் இறந்துபோனார்.

இன்று யாரும் சாதி கேட்கவில்லை, கேட்கத் தேவையுமில்லை. கூட வந்தவன் யாருக்குப் போன் போடுவான், எந்தக் குரலில் பேசுவான் என்பதிலேயே அது தெரிந்துவிடுகிறது. தமிழ் எம்.ஏ. படித்த நானும் அன்று கை கட்டித்தான் நின்றேன். இந்தப் பழக்கத்தை எனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? ஒற்றை ஆளாய் ஓடிக்கொண்டிருந்த நர்சைத் திட்டுவது சுலபம். அவருக்குத் துணையாள் போடாத அரசைக் கேட்பதுதான் அரசியல்.

2008இல் 108 வந்தது. 2010இல் விழுப்புரத்தை ஒட்டி முண்டியம்பாக்கத்தில் மருத்துவக் கல்லூரி வந்தது. திண்டிவனம் பக்கத்துச் சேரிகளுக்கு ரோட்டுத் தூரம் குறைந்தது, நல்லதுதான். ஆனால் எந்த ஆஸ்பத்திரியானாலும் வாசலுக்கும் டாக்டரின் கைக்கும் இடையில் ஒரு தூரம் இருக்கிறது. அதை எந்த வண்டி கடக்கும்?

ரயிலிலிருந்து விழுந்து, கல்கத்தாவில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் திருப்பி அனுப்பப்பட்ட ஹக்கீம் ஷேக்குக்காக ஒரு விவசாயத் தொழிலாளர் சங்கம் வழக்காடியது. உரிய நேரத்தில் அவசர சிகிச்சை தராதது அரசியல் சட்டம் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது என்றும், காசில்லை என்று அரசு தப்பிக்க முடியாது என்றும் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, நாம் கேட்பது கருணை அல்ல. வந்த சில நிமிடங்களுக்குள் ஒரு கை தொட்டுப் பார்க்கட்டும். பார்த்த நேரத்தைச் சீட்டில் எழுதட்டும். அதற்குப் பிறகு காத்திருக்கிறோம்.

விடியற்காலை வேலை மாறி வந்த டாக்டரம்மா குனிந்து பெரியம்மாவின் காலை அழுத்தினார். குழி விழுந்தது. உடனே ஊசி போட்டார். அன்று பெரியம்மா பிழைத்தார். அடுத்த மழைக்காலத்துக்கு அவர் இல்லை. அந்த ராத்திரிதான் அவரைக் கொன்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்பது மணிக்கு அழுத்தியிருந்தாலும் அதே குழிதான் விழுந்திருக்கும்.