பிசாசுக்கும் வசனம் தெரியும்

பல தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளின் முன்னறைச் சுவரில் 91ஆம் சங்கீதம் தொங்குகிறது. பயணம் புறப்படும்போதும், பிள்ளை காய்ச்சலில் கிடக்கும்போதும் அதைச் சொல்லித்தான் ஜெபிக்கிறார்கள். வனாந்தரத்தில் இயேசுவைச் சோதித்தவன் கையில் எடுத்ததும் அதே சங்கீதம். தேவாலயத்து உப்பரிகையில் அவரை நிறுத்தி, குதித்தாலும் தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறதே என்றான். மத்தேயு எழுதியிருக்கிறபடி பார்த்தால், அவன் சொன்ன வரிகளில் பிழை இல்லை. நாம் நடக்கிற வழிகளில் தேவன் காப்பார் என்ற பகுதியை மட்டும் விட்டுவிட்டான்.

சோதனை வந்தால் வசனத்தைச் சொல், பிசாசு ஓடிவிடுவான் என்று ஞாயிறு பள்ளியிலிருந்தே கற்பிக்கிறோம். அந்தப் போதனை பாதிதான் சரி. வசனம் இரண்டு பக்கத்திலும் பேசும். அன்று இயேசு சொன்ன மூன்று மறுமொழிகளும் உபாகமத்தின் 6, 8ஆம் அதிகாரங்களிலிருந்து வந்தவை. இஸ்ரவேலர் 40 ஆண்டு பாலைவனத்தில் பசித்ததையும், மன்னாவைத் தின்றதையும், மாசாவில் தேவனைப் பரீட்சை பார்த்ததையும் நினைவூட்டும் பகுதி அது. யூதர்கள் காலையும் மாலையும் சொல்லும், வாசல் நிலையில் பதித்துவைக்கும் வார்த்தைகள் அதே 6ஆம் அதிகாரத்தில்தான் இருக்கின்றன. அவர் அன்றைக்குத் தேடி எடுத்த வசனங்கள் அல்ல அவை. மூன்றுமே அவருக்கு ஏதோ ஒன்றை மறுத்தன. 40 நாள் பட்டினி கிடந்தவருக்கு முதல் வசனம் அப்பத்தையே மறுத்தது.

ஒரு சபையின் பொருளாளரை நினைத்துக்கொள்வோம். ஞாயிறு ஆராதனை முடிந்து, மூடிய அறையில் தனியாகக் காணிக்கை எண்ணுகிறார். பைக்குள் கசங்கிக் கிடந்த பத்து ரூபாய் நோட்டுகளை உள்ளங்கையால் தேய்த்து நீவி, நூறு நூறாக ரப்பர் பேண்ட் போடுகிறார். மறுநாள் மகளின் பள்ளிக் கட்டணத்துக்குக் கடைசி நாள். சம்பளம் வர இன்னும் ஐந்து நாள். கைமாற்றாக எடுத்து, சம்பளம் வந்ததும் திருப்பி வைத்துவிடலாம் என்று மனம் சொல்கிறது. உடனே ஒரு வேதபகுதியும் நினைவுக்கு வருகிறது: பசித்த தாவீது ஆசாரியருக்குரிய சமுகத்தப்பத்தைத் தின்றானே, இயேசுவே அதை எடுத்துச் சொன்னாரே!

இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். தாவீது கேட்டு வாங்கினான்; ஆசாரியன் தன் கையாலேயே கொடுத்தான். இயேசு அந்தச் சம்பவத்தைச் சொன்னது தம் பசிக்காக அல்ல, கதிர் கொய்து தின்ற சீஷர்களுக்காக. பொருளாளர் யாரிடமும் கேட்கவில்லை. ஆசை முதலில் வந்தது, வசனம் அதன் பின்னால் வக்கீலாக வந்து நிற்கிறது. விரும்பியதற்கு அனுமதி தருகிற வசனம் அந்த நேரத்தில் மட்டும் நினைவுக்கு வந்தால், அதைச் சந்தேகிப்பதுதான் நேர்மை.

4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியஸ் என்ற துறவி, எட்டு வகைத் தீய எண்ணங்களுக்கு எதிராகச் சொல்ல வேண்டிய வேத வசனங்களை, ஏறக்குறைய 500, தொகுத்து வைத்தார். சோதனைக்கு வசனத்தால் பதில் சொல்வதை அவரைவிட முறையாக யோசித்தவர்கள் குறைவு. ஆனால் அவருடைய முந்தைய வாழ்க்கையையும் பார்க்க வேண்டும். கான்ஸ்டாண்டிநோபிளில் பேர்பெற்ற போதகராக இருந்தபோது, மணமான ஒரு பெண்மீது மனம் போனது. அந்த நகரத்தில் இருந்துகொண்டே அவர் வசனம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை, கப்பலேறிப் போய்விட்டார். போத்திபாரின் மனைவி இச்சையோடு பிடித்தபோது யோசேப்பும் அதைத்தான் செய்தான். மேலங்கி அவள் கையில் போனது, கால்கள் வெளியே போயின.

வாய்ப்பாடுபோலத் திரும்பத் திரும்பச் சொல்லும் வசனத்தால் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆசையின் வேகம் தணியும்வரை அது மனதைப் பிடித்து நிறுத்தும். வெள்ளத்தில் போகிறவனிடம் கயிற்றின் பொருளை யாரும் விளக்கச் சொல்வதில்லை. ஆனால் குடியில் சிக்கிய ஒருவரிடம், வசனத்தை விசுவாசித்தால் போதும், மருத்துவம் எதற்கு என்று சொல்வது கொடுமை. மறுபடி விழும்போது அவர் பாட்டிலோடு சேர்த்துத் தம் விசுவாசத்தையும் சபிக்கக் கற்றுக்கொள்கிறார். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடும்படி யாக்கோபு நிருபம் சொல்வதும் வேத வசனம்தான். அதை யாரும் வாக்குத்தத்த அட்டையாக அச்சடித்துப் புத்தாண்டு இரவில் கொடுப்பதில்லை.

அந்தப் பொருளாளரின் இடத்தில் இன்று நீங்கள் இருந்தால், நோட்டுக் கட்டை மேசையில் வைத்துவிட்டு எழுந்து கதவைத் திறங்கள். கமிட்டியில் ஒருவரை உள்ளே கூப்பிட்டு உடனிருந்து எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்துக் கணக்கில் இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகு, மகளின் கட்டணத்துக்கு ஐந்து நாள் கடன் கிடைக்குமா என்று அவரிடமே கேளுங்கள்.