சுவரில் அடித்த ஆணி

வீட்டுச் சுவரில் எதை மாட்டலாம் என்று கேட்டால், இதுவும் ஓர் அறநெறிக் கேள்வியா என வாசக அன்பர்கள் புன்னகைக்கக்கூடும். திருஇருதய ஆண்டவர் படம், மறைந்த பெற்றோரின் நிழற்படம், நாட்காட்டி, கடிகாரம் ஆகியவற்றோடு சுவரின் கதை முடிந்துவிடும் என்றே நாமும் எண்ணியிருந்தோம். நொச்சிக்குப்பத்தில் ஒரு வீட்டில் நாம் பேசிய இரண்டொரு வாக்கியங்கள் அந்த எண்ணத்தை மாற்றின. ஆகவே இக்கட்டுரையை ஒருவகைப் பாவசங்கீர்த்தனமாகவே வாசகர்கள் கொள்ளலாம்.

நொச்சிக்குப்பம் மெரினா கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே, லூப் சாலையை ஒட்டி, அலைக்கு எதிரே நிற்கும் மீனவர் ஊர். 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்ளே வந்ததை அங்குள்ள பெரியவர்கள் இன்றும் நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள். இப்போது பெரும்பாலோர் வாரியக் குடியிருப்பில் வசிக்கின்றனர். ஒரு கூடம், ஓர் அறை, சமையலுக்குச் சிறிது இடம், அவ்வளவே வீடு. சுவரும் அங்கே அளந்து கொடுக்கப்பட்ட பொருள்தான்.

அவ்வீட்டுத் தலைவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடலுக்குப் போனவர். ஒரு மழைக்காலத்தில் ஃபைபர் படகை அலையில் இறக்கும்போது படகு திரும்பிக் காலின்மேல் விழுந்தது. எலும்பில் தகடு வைத்து, எழுந்து நடக்கக் கூடாது என்று கட்டிலில் கிடத்திவிட்டார்கள். அச்சமயம், அடையாறில் வீட்டு வேலைக்குப் போகும் மூத்த மகளிடம், ஊர் மாறிச் சென்ற அவ்வீட்டார் ஒரு பெட்டியைக் கொடுத்தனர். அதனுள் ஆயிரம் அட்டைத் துண்டுகள். மூடியில் பனிமலைக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோட்டை. ஜிக்சா எனப்படும் அந்த விளையாட்டை நம் பிள்ளைகள் அறிவார்கள். துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி மூடியிலுள்ள படத்தை உருவாக்க வேண்டும்.

மேசை இல்லாத வீட்டில் ஒரு பிளைவுட் பலகை மேசையாயிற்று. பகலில் அது அவர் மடியில். இரவில் கட்டிலுக்கு அடியில். மீன் விற்றுத் திரும்பும் மனைவி ஒரு துண்டு வைப்பார். பன்னிரண்டு வயது மகன் பள்ளி விட்டு வந்து பத்து வைப்பான். அடுத்த வீட்டுப் பாட்டி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து, வைத்ததைக் கலைத்துவிட்டுப் போவார். ஏறத்தாழ இரண்டரை மாதங்களில் கோட்டை எழுந்தது. எழுபது சென்டிமீட்டர் நீளம், ஐம்பது சென்டிமீட்டர் அகலம்.

நாம் நோயாளிகளைச் சந்திக்கச் சென்ற அன்று அவ்வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. மேலே ஃபெவிகால் பூசி, சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். ஒட்டாவிட்டால் கடற்காற்றின் ஈரத்தில் அட்டை உப்பி வளைந்துவிடும் என்று காரணமும் சொன்னார். கலைத்து மறுபடி அடுக்க வேண்டும் என்பது மகனின் வாதம். அம்மையார் நம்மைப் பார்த்து, "சாமி, நீங்களே ஒரு தீர்ப்பு சொல்லுங்க. காலையிலேர்ந்து அப்பனும் புள்ளையும் இதே பேச்சுதான்" என்றார்.

நாம் யோசிக்கவில்லை. "யாரோ எடுத்த படம், யாரோ வெட்டிய துண்டு. இதைச் சுவரில் மாட்டி என்ன பெருமை? கலைத்து மறைக்கல்விப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் பலருக்கும் பயன்படுமே" என்றோம். அவர், "சரி சாமி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு, ரப்பர் வளையம் போட்ட பெட்டி பங்கு இல்லத்துக்கு வந்து சேர்ந்தது. அம்மாத மறையுரை ஒன்றில், பகிர்தலுக்கு எடுத்துக்காட்டாக, பெயர் குறிப்பிடாமல் இதைச் சொல்லவும் செய்தோம்.

பாஸ்கா காலத்தில் வீடு மந்திரிக்கச் சென்றபோது, கூடத்துச் சுவரில் வெறுமனே ஒரு கான்கிரீட் ஆணி நீட்டிக்கொண்டிருந்தது. தீர்த்தம் தெளித்துக்கொண்டே அது எதற்கு என்று கேட்டோம். "அதுவா சாமி, நீங்க வர்றதுக்கு மொதநாளே புள்ளய விட்டு அடிச்சு வச்சிட்டாரு" என்றார் அம்மையார். குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார். நமக்கோ அடுத்த செபம் உடனே வாயில் வரவில்லை.

நாம் அன்று செய்த தவறு என்ன? முடித்த வேலையைச் சுவரில் மாட்டுவது வீண்பெருமை என்று முடிவு கட்டினோம். குருமடத்தில் படித்ததையாவது நினைத்திருக்க வேண்டும். புனித தோமா அக்குவினார் புகழை நாடுவதையே பாவம் என்று சொல்லவில்லை. புகழுக்குத் தகாத பொருளைப் பற்றி நாடினாலோ, தீர்ப்பிடத் தகுதியற்றவரிடம் நாடினாலோ, உரிய நோக்கத்தோடு இணைக்காமல் நாடினாலோதான் அது வீணாகிறது என்கிறார். அவ்வீட்டார் யாரிடம் புகழ் தேடினர்? வீட்டுக்கு வருவோர் அடுத்த வீட்டுப் பாட்டியும் இரண்டு உறவினரும் நாமும்தான்.

பொருள் தகாதது என்பதே நம் வாதமாயிருந்தது. படம் அவருடையதன்று. மெய்தான். ஆயின் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பெட்டியின் மூடியிலும் அதே படம்தான் இருக்கிறது, எவரும் மூடியை வெட்டிச் சட்டம் போடுவதில்லை. அழகுக்காக மட்டுமே என்றால் அச்சடித்த படமொன்றைக் கடையில் வாங்கி மாட்டலாம்; அதில் கோடுகளும் இரா. துண்டுப்படத்தைச் சுவரில் மாட்டுகிறவர் மாட்டுவது கோட்டையை அன்று, அதன் குறுக்கே ஓடும் ஆயிரம் வெட்டுக்கோடுகளையே. இங்கே ஒருவர் உட்கார்ந்திருந்தார், இத்தனை நாள் பொறுத்திருந்தார் என்று அக்கோடுகள் சொல்கின்றன. உயிர்த்த ஆண்டவரின் உடலில் தழும்புகள் ஏன் எஞ்சின என்ற கேள்விக்கும் அக்குவினார் விடை கூறியிருக்கிறார்: ஆற்ற இயலாமையால் அன்று, வெற்றியின் அடையாளமாக. சாந்தோம் மண்ணில் வாழும் நமக்கு, அத்தழும்புகளைக் கண்டு நம்பிய திருத்தூதரை நினைவூட்ட வேறொருவர் வேண்டியதில்லை. அட்டைப் படத்தை ஆண்டவரின் காயங்களோடு ஒப்பிடுகிறோம் என்று எவரும் கொள்ள வேண்டாம். தழும்பைக் காட்டுவது எல்லாமே தற்பெருமை ஆகாது என்பதே நாம் சொல்ல வந்தது.

இவ்விளையாட்டின் வரலாற்றிலும் நம் வழக்குக்குத் தொடர்புடைய செய்திகள் உண்டு. 1760களில் இலண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடச் செதுக்குநர், நிலப்படங்களை மரப்பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளின் வழியே அறுத்து, பிள்ளைகளுக்குப் புவியியல் கற்பிக்க விற்றார். அன்று அது கலைத்துக் கலைத்துப் படிக்கவேண்டிய பாடம். அவ்வகையில் மகனின் கட்சிக்கே வலு. 1930களின் பொருளாதார வீழ்ச்சியின்போது அமெரிக்காவில் மலிவான அட்டைத் துண்டுப்படங்கள் பெரும் மோகமாயின, வாடகைக்கும் கொடுத்தார்கள். வேலை இழந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தவர்களுக்கு, தொடங்கினால் முடியும் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரு வேலை அதில் கிடைத்தது. நம் தந்தையின் கட்சி இது. அந்தக் கோட்டைக்கும் ஒரு கதை உண்டு. பவாரியாவில் இரண்டாம் லுட்விக் மன்னர் 1869இல் கட்டத் தொடங்கிய நொய்ஷ்வான்ஸ்டைன் அது. 1886இல் அவர் இறந்தபோது கட்டி முடியவில்லை. திட்டமிட்ட பல பகுதிகள் பின்னரும் கட்டப்படவேயில்லை. மன்னர் முடிக்காததை நொச்சிக்குப்பத்தில் ஒருவர் கட்டிலில் படுத்தபடி முடித்தார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

வேடிக்கை இருக்கட்டும். மீனவரின் உழைப்பை எண்ணிப் பார்ப்போம். கொத்தனார் தெருவில் நடக்கும்போது, அது நான் எழுப்பிய சுவர் என்று காட்டலாம். ஆசிரியருக்கு மாணவர் உண்டு. மீனவர் விடியுமுன் கொண்டுவந்தது நண்பகலுக்குள் விற்று, மாலைக்குள் உண்டு தீர்ந்துவிடுகிறது. படகு கிழித்த நீர் படகுக்குப் பின்னாலேயே மூடிக்கொள்கிறது. வலையை எத்தனை முறை செப்பனிட்டாலும் அது மறுபடி கிழிவதற்குத்தான். முப்பது ஆண்டுகள் அப்படி உழைத்தவர், இனிக் கடலுக்குப் போக முடியுமா என்று தெரியாத நாள்களில், கலையாத ஒன்றை முதன்முதலாகக் கையில் பார்த்தார். அதைக் கலைக்கச் சொன்னோம்.

கலைப்பதிலும் அழகு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. மயிலாப்பூர்த் தெருக்களில் மார்கழிக் கோலத்தை எவரும் சட்டம் போட்டு வைப்பதில்லை. மறுநாள் காலை நீர் தெளித்து அழித்துவிட்டு அடுத்ததைப் போடுகிறார்கள். நவராத்திரி முடிந்தால் கொலுப் பொம்மைகள் துணி சுற்றிப் பெட்டிக்குள் போகின்றன. ஆயின் போட்ட வீட்டாரே அழிக்கிறார்கள். அடுக்கிய கையே எடுத்து வைக்கிறது. பற்றின்மையை ஒருவர் தாமே மேற்கொள்ளலாம்; பிறர்மீது சுமத்தினால் அது பறிப்பதாகிவிடும். அதுவும் சுமத்துகிறவர் யார்? பங்கு இல்லத்தில் நம் அறைச் சுவரில் நம் குருத்துவத் திருநிலைப்பாட்டு நிழற்படமும், இறையியல் பட்டச் சான்றிதழும் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகின்றன. அவற்றைக் கழற்றும்படி இதுவரை எவரும் சொன்னதில்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. மந்தைவெளியில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் வீட்டில் இத்தகைய படங்கள் நான்கு இருக்கின்றன. ஐயாயிரம் துண்டுகள் கொண்ட உலக வரைபடம் ஒன்றரை மீட்டர் நீளத்துக்குச் சுவரை அடைத்து நிற்கிறது. வருவோர்க்கெல்லாம் துண்டுகளின் எண்ணிக்கையைச் சொல்லித்தான் நாற்காலியைக் காட்டுவார். வீண்பெருமை குறித்துப் பேச இடம் இருந்தது என்றால் அங்கேதான் இருந்தது. நாம் காபி அருந்திவிட்டு, நன்றாயிருக்கிறது என்று சொல்லி வந்தோம். ஏழை வீட்டில் நம் நாக்கு எவ்வளவு எளிதாக அறநெறி பேசுகிறது!

மறைக்கல்வி வகுப்பிலிருந்து பெட்டியைத் திரும்ப வாங்கினோம். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. இருபது பேர் கையில் ஒரு பெட்டி என்ன பாடுபடுமோ அந்தப் பாடுபட்டிருந்தது. மூடி கிழிந்து எங்கோ போய்விட்டது. ஓர் இரவு உட்கார்ந்து எண்ணினோம்: 961 துண்டுகள். புதிய பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுக்கலாமா என்று எண்ணி, அது நம் மனத்தை ஆற்றிக்கொள்ளும் வழி என்று பட்டதால் விட்டுவிட்டோம்.

பெட்டியோடு சென்றபோது அவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து வேறொருவருடைய வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். நாம் சொன்னது தவறு என்று சொன்னோம். "அட, அதுக்கென்ன சாமி" என்று எழ முயன்றார், உட்காரச் சொன்னோம். பெட்டிக்குள் கையை விட்டு அளைந்தார். முப்பத்தொன்பது துண்டுகள் குறைவு, மூடியும் இல்லை என்றோம்.

"மூடி வேணாம் சாமி. வானம்தான் கஷ்டம். மத்ததெல்லாம் கைக்குத் தெரியும்" என்றவர், உள்ளே பார்த்து மகனிடம் பலகையை எடுத்துவரச் சொன்னார்.